ரங்கூனிலிருந்து வந்த அமுதம்

சிவப்பிரகாசத்தின் தம்பி மகளை வில்லியனூர் ரயிலடியில் கொண்டுவந்து விட்டவன் கரையாம்புத்தூர்த் தங்கவேல். அது 1942, ஆடி மாதம். ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு, அங்கே அரிசி ஆலைகளில் வேலை பார்த்த நம் பக்கத்து ஆட்கள் காடும் மலையும் கடந்து நடந்தே திரும்பிக்கொண்டிருந்தார்கள். தங்கவேலும் அப்படி வந்தவன்தான். ஆள் வந்து சொல்லிச் சிவப்பிரகாசமும் மனைவியும் ரயிலடிக்குப் போனபோது, இரண்டு காலும் வீங்கி, கண் மஞ்சளித்து, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“தங்கராசு அண்ணன் குண்டுல பூட்டாருங்க. கொழந்தையோட அம்மா நம்ம சனந்தான், வர்ற வழியில தவறிட்டாங்க. பேரு அமுதம்” என்றான். அதற்கு மேல் அவனால் பேச முடியவில்லை. அவன் மச்சான் கொண்டுவந்திருந்த மாட்டுவண்டியில் ஏறிப் படுத்துக்கொண்டு போய்விட்டான்.

தங்கராசு பல வருஷத்துக்கு முன்னால் பாகத் தகராறில் அண்ணனோடு பேச்சை முறித்துக்கொண்டு கப்பலேறியவன். அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டான் என்று வந்தவர் போனவர் சொல்லித் தெரிந்ததோடு சரி. இப்போது அவன் செத்த சேதியும் அவன் பெற்ற பிள்ளையும் ஒரே ரயிலில் வந்து இறங்கியிருந்தன. சிவப்பிரகாசம் குழந்தையைத் தூக்கவில்லை. அவர் மனைவி கனகாம்பாள்தான் தூக்கினாள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு உண்டான கனம் அதனிடம் இல்லை.

வீட்டுக்கு வந்த குழந்தை ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு போட்டால் சாப்பிட்டது. தண்ணீர் ஊற்றினால் நின்று குளித்தது. “அமுதம்” என்று கூப்பிட்டால் சில நேரம் திரும்பும், பல நேரம் திரும்பாது. கதவு தாழ் போட்டால் மட்டும் திடுக்கிட்டுப் பார்க்கும். அதனால் காது கேட்கிறது என்று தெரிந்தது. கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். ஒதியம்பட்டு வைத்தியர் வந்து நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். நாக்கில் கோளாறு ஒன்றுமில்லை, பயத்தில் அடைத்துக்கொண்டிருக்கிறது, வரும்போது வரும் என்றார்.

“ஊமைதான். வைத்தியர் நம்ம மனசு நோவக் கூடாதுன்னு சொல்றாரு” என்றார் சிவப்பிரகாசம்.

கனகாம்பாள் குழந்தையை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். இரண்டு பெண்களையும் பாகூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டு வெறிச்சென்று கிடந்த வீடு அது. குழந்தை அவள் முந்தானையைப் பிடித்த பிடியை விடாமல், நெல் காயப்போடும்போதும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதும் கூடவே வந்தது. தூக்கத்திலும் அந்தப் பிடி தளரவில்லை.

பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த வில்லியனூரில் அப்போது பிரெஞ்சுப் பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. ஆனால் எல்லையைத் தாண்டினால் கடலூரும் விழுப்புரமும் இங்கிலீஷ் சீமை. ரயில் உத்தியோகம் வேண்டுமென்றாலும் கடலூரில் மேலே படிக்க வேண்டுமென்றாலும் இங்கிலீஷ் தெரிந்தாக வேண்டும். அதற்காக நிலபுலம் உள்ள நாலைந்து பேர் சேர்ந்து ஒரு பழைய நெல் கிடங்கைக் காலி செய்து, சின்னப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் வகுப்பு ஒன்று ஆரம்பித்திருந்தார்கள். சிவப்பிரகாசம் அவர்களில் ஒருவர். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து சிந்தாமணி என்ற பெண்ணை டீச்சராக வரவழைத்திருந்தார்கள். சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதற்கென்றே பயிற்சி எடுத்தவள், இருபத்தைந்து வயதிருக்கும்.

“அங்க கொண்டு போய் வுட்டுப் பாரு. பசங்களோட பசங்களா இருந்தா வாய் தெறந்தாலும் தெறக்கும். இல்லாட்டி அதுவும் தெரிஞ்சிடும்” என்றார் சிவப்பிரகாசம்.

கனகாம்பாள் அழைத்துக்கொண்டு போனாள். வாசலில் விட்டுவிட்டுத் திரும்ப நினைத்தவளுக்கு முந்தானை வரவில்லை. சிந்தாமணி பார்த்துவிட்டு, “நீங்களும் உள்ள வந்து உக்காருங்கம்மா. அவளுக்கு எப்போ பயம் விடுதோ அப்போ போகலாம்” என்றாள். அப்படித்தான் கனகாம்பாள், ஐம்பதை நெருங்கும் வயதில், தன் வாழ்நாளில் முதல்தடவையாக ஒரு வகுப்பில் உட்கார்ந்தாள். கடைசிப் பாயில், சுவரோரமாக.

முதல் சில நாள் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. டீச்சர் ஒரு கூடையிலிருந்து சாமான்களை எடுப்பாள். இலை, கூழாங்கல், பித்தளை டம்ளர், பூ, களிமண்ணில் செய்த மீன். ஒவ்வொன்றையும் தூக்கிக் காட்டி, “வாட் இஸ் திஸ்?” என்று கேட்பாள். பிள்ளைகள் விழிக்கும். அவளே பதிலும் சொல்லி, எல்லாரையும் சேர்ந்து சொல்ல வைப்பாள். பிள்ளைகளின் வாயில் அது என்னென்னவோ ஆகும். நெல் வியாபாரி மகன் ராமு, ‘வாட்டிஸ்திஸ்’ என்பது அந்தக் கூடையின் பெயர் என்றே நினைத்துக்கொண்டிருந்தான். ஒருநாள் கூடையைக் காணாமல், “டீச்சர், வாட்டிஸ்திஸ் எங்க?” என்று தேடினான். டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கூடையை எடுத்துக் கொடுத்தாள். தமிழில் பேசினால் அவள் யாரையும் அதட்டுவதில்லை. “இன்னா டீச்சர் அது?” என்று எல்லம்மாள் கேட்டால், கேட்டதற்குத் தமிழிலேயே பதில் சொல்லிவிட்டு, பிறகு இங்கிலீஷ் வார்த்தையைச் சொல்லுவாள்.

கனகாம்பாள் பிள்ளைகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். தெருவில் வாய் ஓயாத பிள்ளைகள் இங்கே ஒரு வார்த்தைக்காக டீச்சரின் உதட்டைப் பார்த்துக் காத்திருந்தன. தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. அந்தப் பார்வையை அவள் வீட்டில் தினமும் பார்க்கிறாள். அமுதம் அப்படித்தான் சமையல்கட்டில் நின்று, பேசுகிறவர்கள் வாயை மாறி மாறிப் பார்ப்பாள். இந்தக் கிடங்கில் எல்லாப் பிள்ளைகளும் அமுதத்தைப் போலவே இருந்தார்கள். அதனாலோ என்னவோ, முந்தானையைப் பிடித்திருந்த பிடி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. புரட்டாசியில் ஒருநாள் குழந்தை எழுந்துபோய் எல்லம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

அதற்குச் சில நாள் கழித்து, எல்லாரும் சேர்ந்து சொல்லும்போது அமுதத்தின் உதடும் அசைவதைக் கனகாம்பாள் பார்த்தாள். முதலில் நம்பவில்லை. ஓசைப்படாமல் நகர்ந்து அவள் முதுகுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, காதைக் கொடுத்துக் கேட்டாள். “திஸ் இஸ் எ ஃபிளவர்” என்று முப்பது குரலுக்கு நடுவில் ஒரு மெல்லிய குரல், கம்மிப்போன குரல், சொல்லிக்கொண்டிருந்தது.

அன்று மத்தியானம் அவள் கணவரிடம் சொன்னாள்.

“இன்னாங்க, அது ஊமையில்ல. இங்கிலீஷ் சொல்லுது.”

“தமிழே வராத பிள்ளைக்கு இங்கிலீஷ் வருதா? உனக்கு ஆசையில கேக்குது” என்றார். ஆனால் சாப்பிடும்போது குழந்தையை இரண்டு மூன்று முறை திரும்பிப் பார்த்தார்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கிடங்கின் ஓட்டில் ஒழுகல். ஒருநாள் வகுப்பின் நடுவிலேயே சடசடவென்று கொட்டத் தொடங்க, டீச்சர் பாடத்தை நிறுத்திவிட்டு, வாசல் பக்கம் கையைக் காட்டி, “ரெயின்” என்றாள். பிள்ளைகள் “ரெயின், ரெயின்” என்று கத்தினார்கள். அமுதம் எழுந்து வாசலுக்குப் போனாள். கையை வெளியே நீட்டி மழையைப் பிடித்தபடி, “மோ” என்றாள். ஈரக் கையைத் திருப்பிப் பார்த்து, “யே” என்றாள்.

பிள்ளைகள் சிரித்தார்கள். ராமு, “மோ, மோ” என்று மாடு மாதிரிக் கத்தினான். டீச்சர் கையமர்த்தினாள். கூடையை எடுத்துக்கொண்டு வாசலில் அமுதத்துக்கு எதிரே போய் உட்கார்ந்தாள். பூவை எடுத்துக் காட்டினாள். குழந்தை தயங்கி, “பான்” என்றாள். மண் மீனைக் காட்டினாள். “ஙா.”

கனகாம்பாள் பாயை விட்டு எழுந்து வந்தாள். புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்தாள்.

“உளறுதா டீச்சரம்மா?”

“தெரியலம்மா. நாளைக்கு மறுபடியும் கேட்டுப் பாக்கலாம்.”

மறுநாள் டீச்சர் சாமான்களை வரிசை மாற்றி வைத்துக் கேட்டாள். அதே பூவுக்கு அதே ‘பான்’. அதே மீனுக்கு அதே ‘ஙா’. டம்ளர் தண்ணீருக்கு அதே ‘யே’. டீச்சர் எழுந்து வந்து கனகாம்பாள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“இது உளறல் இல்லம்மா. இவளுக்கு ஒரு பாஷை இருக்கு. நமக்குத்தான் அது தெரியல. ரங்கூன்ல பொறந்த பொண்ணுன்னு சொன்னீங்களே, பர்மா பாஷையா இருக்கலாம்.”

“அவங்க அம்மா நம்ம சனமாச்சே. தமிழ் பேசாமலா இருப்பாங்க?”

கேட்ட கனகாம்பாளுக்கே பதில் தோன்றிவிட்டது. அந்த அம்மா நம்ம சனமாக இருந்திருக்க மாட்டாள்.

அந்த வாரக் கடைசியில் பெயர் சொல்லும் பாடம் வந்தது. “வாட் இஸ் யுவர் நேம்?” என்று டீச்சர் கேட்க, ஒவ்வொரு பிள்ளையாக எழுந்து நின்று சொல்ல வேண்டும். ராமு சொன்னான். எல்லம்மாள் சொன்னாள். அமுதத்தின் முறை வந்ததும் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் எழுந்தாள். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, ஒரு பிசிறில்லாமல் சொன்னாள்.

“மை நேம் இஸ் மீமீ.”

அன்றைக்கு வீட்டில் சண்டை நடந்தது. நடந்ததைக் கேட்டுவிட்டுச் சிவப்பிரகாசம் எழுந்து போய்த் தெருக்கதவைச் சாத்தினார். பிறகு, “நாளையிலேர்ந்து அந்த வகுப்புக்குப் போக வேணாம்” என்றார்.

“ஏன்?”

“தம்பி பர்மாக்காரியோட குடும்பம் பண்ணான்னு ஊரு முழுக்கத் தெரியணுமா? அமுதம்னு பேரு இருக்குது. தமிழ் பேசட்டும். இல்ல, பேசாமலே இருக்கட்டும்.”

“பேசாம இருந்தப்ப ஊமைன்னீங்க. இப்ப பேசுது, வேணாங்கறீங்க. அது இன்னாதான் பண்ணும்?” கனகாம்பாள் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. “தங்கவேலு நம்மகிட்ட முழுசா சொல்லல. நான் கரையாம்புத்தூருக்குப் போறேன். நீங்க வந்தாலும் சரி, வராட்டியும் சரி.”

அவர் வந்தார். விடியும்போதே வண்டி கட்டிக் கிளம்பினார்கள். அந்தக் காலத்தில் கரையாம்புத்தூருக்குப் போவதென்றால் பிரெஞ்சு எல்லைக்கும் இங்கிலீஷ் எல்லைக்கும் மாறி மாறிப் போக வேண்டும். ஒரு சுங்கச் சாவடியில் வண்டியை நிறுத்தி வைக்கோலைக் கிளறிப் பார்த்தார்கள். சாவடிக்காரர் வயசானவர். குழந்தையைப் பார்த்துச் சிரித்து, “பாப்பா, உன் பேரு இன்னா?” என்று கேட்டார்.

அமுதம் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். வண்டி சாவடியைத் தாண்டி வெகுதூரம் போன பிறகுதான் கையை எடுத்தாள். சிவப்பிரகாசம் அதைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

தங்கவேல் கயிற்றுக் கட்டிலில் கிடந்தான். ஆள் பாதியாகியிருந்தான். இவர்களைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்றான். “படுத்துக்கப்பா” என்று கனகாம்பாள் தடுத்தாள். குழந்தை அவனைக் கண்டதும் ஓடிப்போய்க் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேசவில்லை.

“இதோட அம்மா யாரு?” என்று கேட்டார் சிவப்பிரகாசம்.

தங்கவேல் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “பர்மாக்காரப் பொம்பளைங்க. மா சேன்னு பேரு. நல்ல பொம்பள. அண்ணன் வூட்ல பர்மாப் பேச்சுதான் பேசுவாரு. கொழந்தைக்கு அமுதம்னு பேரு வெச்சது அண்ணன். அவங்க மீமீன்னு கூப்பிடுவாங்க.”

“அந்தப் பொம்பள எங்க செத்துச்சு?”

“சாவலிங்க.”

தங்கவேல் மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தான்.

“அண்ணன் போன பெறகு, தமிழன் பெத்த கொழந்தைன்னு யாராச்சும் எதுனா பண்ணிடுவாங்களோன்னு அவங்களுக்குப் பயம். அந்த நேரம் அப்படி. அவங்க அம்மா படுத்த படுக்கையா கெடந்தாங்க, வுட்டுட்டு வர முடியல. அப்பன் வூட்டுக்காரங்ககிட்ட சேத்துடு, சண்டை முடிஞ்சதும் கப்பல்ல வந்துடறேன்னு சொல்லி, என் கையில புடிச்சுக் குடுத்தாங்க. பர்மாக்காரி வயித்துப் பிள்ளைன்னா நீங்க சேப்பீங்களோ இல்லையோன்னு, நான்தான் நம்ம சனம்னும் செத்துட்டாங்கன்னும் சொல்லிட்டேன். தாயில்லாப் பிள்ளைன்னா எறக்கம் வரும்னு.”

“பேசாம ஏன் இருக்குது?” என்று கேட்டாள் கனகாம்பாள். “சாவடியில பேரு கேட்டாங்க. வாயப் பொத்திக்கிச்சு.”

தங்கவேலின் முகம் மாறியது. குழந்தையைத் திரும்பிப் பார்த்தான்.

“இன்னுமா பேசல?”

“வூட்ல ஒரு வார்த்தை பேசல.”

“நான்தாங்க சொன்னேன். மலை தாண்டுற வரைக்கும் வழியெல்லாம் பர்மா ஊருங்க. இது வாயத் தெறந்து அவங்க பேச்சுப் பேசினா, எங்க பொண்ணை எங்கடா தூக்கினு போறேன்னு என்னை அங்கேயே வெட்டிப் போட்டிருப்பாங்க. வாயத் தெறக்காத, நான் சொல்ற வரைக்கும் தெறக்காதன்னு சொல்லித்தான் இட்டாந்தேன். ஒருதரம் சிப்பாய்ங்க முன்னால கையால இது வாயப் பொத்தினேன்.” அவன் கண்ணை மூடிக்கொண்டான். “எல்லாம் தாண்டி வந்த பெறகு சொல்லணும்னு இருந்தேன். காய்ச்சல்ல நெனப்பே இல்லாம பூட்டேன். சொல்லவே இல்ல.”

கட்டில் சட்டத்தில் இருந்த சின்னக் கையைத் தங்கவேல் எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான். பர்மாப் பேச்சில் மெதுவாக ஏதோ சொன்னான். மறுபடியும் அதையே சொன்னான்.

குழந்தை முதலில் அவனைப் பார்த்தாள். அப்புறம் கனகாம்பாளைப் பார்த்தாள். அப்புறம் பேசத் தொடங்கினாள். மடை திறந்த மாதிரி, மூச்சு விடாமல், நடுநடுவே விக்கிக்கொண்டு, அழுதுகொண்டு பேசினாள். அந்த வீட்டுக்காரர்கள் எல்லாரும் வந்து நின்று பார்த்தார்கள். ஒருவருக்கும் ஒரு சொல்லும் புரியவில்லை. தங்கவேல் மட்டும் கேட்டுக்கொண்டே தலையசைத்தான். அவன் கண்ணிலிருந்து நீர் வழிந்து காதோரம் இறங்கியது.

“இன்னா சொல்லுது?” என்றார் சிவப்பிரகாசம்.

“சமத்தா இருந்தேன், வாயத் தெறக்கலன்னு சொல்லுதுங்க. எல்லாரும் சேர்ந்து சொல்றப்ப மட்டும் சொன்னேன், மழை வந்தப்ப மறந்துட்டேன், டீச்சர் கேட்டப்பவும் சொல்லிட்டேன், அதுக்குத் திட்டாதன்னு சொல்லுது. அம்மா கப்பல் எப்ப வரும்னு கேக்குது.”

சிவப்பிரகாசம் எழுந்து வெளியே போனார். திரும்பி வரும்போது மேல்துண்டால் முகத்தைத் துடைத்திருந்தார். குழந்தைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். வில்லியனூர் வரும்வரை அவரிடமிருந்து கனகாம்பாள் அவளை வாங்கவில்லை.

ஊருக்குத் தெரியாமல் வைக்க முடியவில்லை, அவரும் முயலவில்லை. கார்த்திகைத் தீபத்தன்று கோயிலில் சம்மந்தம் என்ற பங்காளி வந்து, “தம்பி பொண்ணு வேற என்னமோ பாஷை பேசுதாமே” என்று இழுத்தார்.

“ஆமா. அவ அம்மா பர்மா தேசம். ரங்கூன்ல இருக்குது. சண்டை முடிஞ்சா வரும்” என்றார் சிவப்பிரகாசம்.

சம்மந்தம் வீட்டுக் கல்யாணத்துக்கு அந்தத் தையில் அழைப்பு வரவில்லை. இன்னும் இரண்டு வீட்டார் இவர்கள் வீட்டில் கை நனைப்பதை நிறுத்திக்கொண்டார்கள். சிவப்பிரகாசம் அதைப் பற்றி வீட்டில் பேசியதே இல்லை.

அமுதம் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். கனகாம்பாள் கூட உட்கார வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. இங்கிலீஷும் தமிழும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு அவள் வாயில் வளர்ந்தன. முடிந்தபோதெல்லாம் கரையாம்புத்தூருக்கு வண்டி போகும். தங்கவேலிடம் உட்கார்ந்து அவள் வயிறு நிறையப் பேசிவிட்டு வருவாள். அடுத்த வருஷ மழைக்காலத்தில் தங்கவேல் இறந்துபோனான். ஈரல் கெட்டுப்போயிருந்தது. அதன் பிறகு அவளோடு அந்தப் பேச்சைப் பேசச் சுற்றுவட்டாரத்தில் ஆள் கிடைக்கவில்லை. அவனிடம் கற்றுக்கொண்ட ஏழெட்டுச் சொற்களைக் கனகாம்பாள் தன் நாக்குக்கு வந்தபடி சொல்லிக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு நேரத்தில், “தமின் சா” என்பாள். முதலில் அமுதம் உச்சரிப்பைத் திருத்துவாள். பிறகு சிரிப்பாள். பிறகு, “வரேன் பெரிம்மா” என்று தமிழில் பதில் சொல்லத் தொடங்கினாள்.

யுத்தம் முடிந்து கப்பல் ஓடத் தொடங்கியதும் சிவப்பிரகாசம் ரயிலேறிப் பட்டணம் போனார். துறைமுகத்துக்கு வெளியே தங்கி, ரங்கூன் கப்பலில் வந்து இறங்குகிறவர்களை எல்லாம் விசாரித்தார். தங்கராசு வேலை பார்த்த அரிசி ஆலையைத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். அவன் குடியிருந்த தெரு எரிந்துபோனது என்று ஒருவர் சொன்னார். எரியவில்லை, ஆட்கள்தான் வேறெங்கோ போய்விட்டார்கள் என்று இன்னொருவர் சொன்னார். மா சேனைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. இரண்டாம் தடவையும் போனார். பிறகு உடம்புக்கு முடியவில்லை. ரங்கூனுக்குத் திரும்பிப் போகிற ஆட்களிடம் தன் வில்லியனூர் விலாசத்தைச் சொல்லி அனுப்புவதை மட்டும் விடவில்லை.

அவர் இரண்டாம் முறை வெறுங்கையோடு திரும்பி வந்த அன்று சாயங்காலம், அமுதம் முற்றத்தில் உட்கார்ந்து கனகாம்பாளிடம் தலை வாரிக்கொண்டிருந்தாள். ஒன்பது வயது. அடர்ந்த முடி.

“பெரிம்மா, அம்மா வந்துட்டா நான் இன்னா பேசுவேன்?”

“இன்னாடி கேள்வி? வாயில வர்றதப் பேசு.”

“தமிழ்தான் வருது. அவங்களுக்குப் புரியாதே.” ஒரு கற்றை முடியை விரலில் சுற்றிக்கொண்டாள். “ராவுல படுத்துனு நெனச்சு நெனச்சுப் பாக்கறேன். அம்மா மூஞ்சி தெரியுது. வாய் அசையுது. இன்னா சொல்றாங்கன்னு தெரியல.”

கனகாம்பாளின் கை நின்றது. சீப்பைத் தரையில் வைத்துவிட்டு, குழந்தையின் தலையைத் தன் மடியோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். உள்ளே சிவப்பிரகாசம் இருமும் சத்தம் கேட்டது.

“வரட்டும்டி” என்றாள் கடைசியில். “வந்தா மூணு பேரும் ஒண்ணா உக்காந்து கத்துக்கலாம்.”